பெல் பார்த்த ஊதா

சார்லஸ் பெல்லைத் தெரியுமா? முகம் திடீரென்று ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, கண்ணை மூட முடியாமல் போகுமே, 'பெல்ஸ் பால்ஸி', அந்த பெல்தான். ஸ்காட்லாந்துக்காரர். கத்தியும் பிடிப்பார், தூரிகையும் பிடிப்பார். 1815ல் வாட்டர்லூ போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தவர், அவர்களைப் படமாகவும் வரைந்து வைத்தார்.

ஓவியர் கண் இல்லையா, நிறத்தைக் கவனித்திருக்கிறார். 1814ல் வெளியான தன் அறுவை சிகிச்சைப் புத்தகத்தில், மார்புக் கட்டிக்கு மேலே தோல் ஊதாவாகி, சுரீர் சுரீரென்று வலித்தால் அது நல்லதற்கில்லை என்று எழுதினார்.

அப்புறம் நூறு வருஷம் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1924ல் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியின் பர்ட்டன் லீ, நார்மன் டானன்பாம் என்ற இரண்டு டாக்டர்கள், 28 கேஸ்களை அலசி 'இன்ஃப்ளமேட்டரி' கேன்சர் என்று எழுதினார்கள். அழற்சிப் புற்றுநோய். பெயரிலேயே வில்லங்கம் பாருங்கள்! அழற்சி என்றதும் மனசு கிருமி, சீழ், மாத்திரை என்றுதான் போகும். இங்கே கிருமியே குற்றவாளி இல்லை. தோலுக்குள் ஓடும் நுண்ணிய நிணநீர்க் குழாய்களைப் புற்றுச் செல்கள் அடைத்துக்கொள்கின்றன. சாக்கடை அடைத்தால் தெருவில் தண்ணீர் நிற்குமே, அந்தக் கதைதான். மார்பு வீங்கும், சிவக்கும், தொட்டால் சுடும். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழி குழியாகும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கட்டி கைக்குத் தட்டுப்படாமலே போகலாம், மாமோகிராமிலும் சிக்காமல் போகலாம்.

1943ல் ஹாகென்சன், ஸ்டௌட் என்ற இருவர் இந்த வகையில் கத்தியே வைக்காதீர்கள் என்றார்கள். வெட்டியும் பிழைக்கவில்லையே! 1970களில்தான் வரிசை மாறியது. முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு. அதற்கு முன் 5 வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. இப்போது அமெரிக்கக் கணக்கில் சுமார் 40 பேர்.

அபூர்வ நோய்தான். மார்புப் புற்றுநோய்களில் 100க்கு 5ஐத் தாண்டாது. பால் கொடுக்கும் அம்மாவுக்கு மார்பு சிவந்து வீங்கினால், பெரும்பாலும் அது சாதாரணப் பால்கட்டும் கிருமியும்தான். டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வடியவில்லையா? வேறு மாத்திரை, இன்னொரு கோர்ஸ் என்று நாளைக் கடத்தக் கூடாது. தோலையும் சேர்த்து பயாப்ஸி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோய் வாரக்கணக்கில் வளர்வது.

இன்னொன்று. புத்தகத்தில் போட்டிருக்கும் சிவப்பு வெள்ளைத் தோலின் சிவப்பு. நம்மைப் போல் கருத்த தோலில் அது மங்கலாகத்தான் தெரியும். கருஞ்சிவப்பாகவோ, கன்றிப்போன மாதிரி ஊதாவாகவோ இருக்கலாம். பெல் குறித்து வைத்ததும் ஊதாவைத்தான்.