முதல் வருசம்தானே: மன்னாரில் 12ஆம் தரத்தின் கதை

ஏ.எல். எடுக்கிற பிள்ளையை ஊரே விசாரிக்கும். சோதினை எப்ப, எத்தனை பாடம் முடிஞ்சுது, கம்பஸ் கிடைக்குமோ என்று கேட்காத ஆள் இல்லை. ஓ.எல். எடுக்கிற பிள்ளைக்கும் அதே மரியாதைதான். இரண்டுக்கும் நடுவில் 12ஆம் தரத்தில் இருக்கிற பிள்ளையை மட்டும் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. கேட்டாலும், "முதல் வருசம்தானே, இன்னும் நேரம் இருக்கு" என்பதோடு கதை முடிந்துவிடும்.

அந்த வருடத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதுதான் எங்களுடைய வாதம். மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலும் பிறந்து, வேறு வேறு பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் படிக்கிற நாங்கள், பரீட்சை இல்லாத இந்த ஒரு வருடத்தை எங்கள் மாவட்டத்தின் கடந்த 50 வருடங்களுக்குள் வைத்துப் பார்க்க முயன்றோம். பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மன்னார்ப் பிள்ளைக்கு "இன்னும் நேரம் இருக்கு" என்ற வாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்படவில்லை. சில தடவை நடுவழியில் விதியை மாற்றினார்கள். சில தடவை ஊரையே மாற்றினார்கள்.

முதலில் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்போம். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. ஆனால் கட்டணம் இல்லை என்பதும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போக ஆங்கிலம் வேண்டும். 1960ஐ ஒட்டித்தான் கலைப்பீடங்களில் தமிழிலும் சிங்களத்திலும் படிக்க வழி வந்தது. 1960–61இல் உதவி பெறும் மிஷன் பள்ளிக்கூடங்கள் பலவற்றை அரசு பொறுப்பேற்றது. அதற்குப் பிறகும் விஞ்ஞானம் படிக்க யாழ்ப்பாணத்துக்குப் போய் விடுதியில் நின்ற கதையை எங்கட ஊர்ப் பெரியாக்கள் இன்றைக்கும் சொல்லுவினம். பெட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிடுகிற அந்த வருடம் ஏ.எல். முதலாம் வருடம்தான். காசு இருந்த வீட்டுப் பிள்ளை போனது. மற்றது கடலுக்கோ வயலுக்கோ போனது.

அடுத்தது தரப்படுத்தல். இந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு யாழ்ப்பாணத்துக் கதைதான் ஞாபகம் வரும். அந்தக் கதையில் பொய்யில்லை. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மாணவருக்கு 250 புள்ளியும் சிங்கள மாணவருக்கு 227 புள்ளியும் வேண்டியிருந்தன. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 1969–70இல் பொறியியல் மாணவர்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்த தமிழர் பங்கு 1974இல் ஏறத்தாழ ஆறில் ஒன்றாகச் சுருங்கியது. ஏ.எல். வகுப்பில் ஒரு கணக்கோடு நுழைந்த பிள்ளை, வெளியே வரும்போது வேறொரு கணக்கைச் சந்தித்தது. ஒரு தலைமுறையின் கோபம் அங்கே தொடங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மன்னாரிலிருந்து பார்த்தால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மொழிவாரியாகப் புள்ளி வெட்டியது மன்னார்ப் பிள்ளையையும் அடித்தது, ஏனென்றால் அதுவும் தமிழில்தான் எழுதியது. மாவட்ட ஒதுக்கீடு அப்படி இல்லை. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் போதாத மாவட்டங்களுக்கு அது ஒரு கதவு. சிங்களப் பிரதேசங்களில் மொனராகலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் கிடைத்த அதே வாய்ப்பு, தமிழ் பேசும் பிரதேசங்களில் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் கிடைத்தது. இதை வெளிப்படையாகச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் யாழ்ப்பாணத்தின் இழப்பையும் மன்னாரின் வாய்ப்பையும் ஒரே நேரத்தில் சொல்லத் தெரியாவிட்டால் நாங்கள் வரலாறு படித்து என்ன பிரயோசனம்?

1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு, விகிதம் மாறி மாறி, இன்றுவரை நிற்கிறது. இப்போதைய பொதுவான கணக்கு இதுதான்: இடங்களில் 40 வீதம் தீவளாவிய திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் மன்னாரும் ஒன்று.

இதை ஒருக்கால் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு கற்கைநெறிக்கு 1000 இடம் என்று வைப்போம். 550 இடம் மாவட்டங்களுக்குப் பிரியும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ இரண்டு கோடி, மன்னாரில் ஏறத்தாழ ஒரு லட்சம். அதாவது அரை வீதம். 550இல் அரை வீதம் மூன்று இடம்கூட முழுதாக வராது. 16 மாவட்டங்களுக்கான 50 இடங்களில் எங்களுக்கு ஒன்று கிடைத்தாலே பெரிசு. "மன்னாருக்கு வெட்டுப்புள்ளி குறைவு, லேசாக எடுபடலாம்" என்று வெளியில் சொல்கிறார்கள். கதவு இருக்கிறது, ஆனால் மூன்று பேர் நுழைகிற அகலம்தான். நான்காவது பிள்ளை ஒரு சின்ன வித்தியாசத்தில் வெளியே நிற்கும்.

விதி மாறுவது 1970களோடு முடியவும் இல்லை. 1972 சீர்திருத்தம் ஓ.எல்., ஏ.எல். என்ற பெயர்களையே எடுத்துவிட்டுப் புதிய சான்றிதழ்களைக் கொண்டுவந்தது. 1977க்குப் பிறகு பழைய பெயர்கள் திரும்பி வந்தன. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நான்கு பாடம் மூன்றாகக் குறைந்தது. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியல் ஆகின, தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆகின. 2001இல் மொத்தப் புள்ளி போய் இசட் புள்ளி வந்தது. 2011இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களுக்கும் புதியதில் எழுதியவர்களுக்கும் சேர்த்து இசட் புள்ளி கணித்ததில் குழப்பம் வந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் இரண்டையும் வேறாகக் கணிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பிள்ளைகள் பெறுபேறு வந்த பிறகும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இவ்வளவும் முழு நாட்டுக்கும் பொதுவானது. மன்னாருக்கு மட்டும் நடந்தது வேறு.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. தலைமன்னார் ரயில் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் உடைந்தது. படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் மண்டபம் முகாமில் பதிந்தார்கள். போகாதவர்கள் மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நிவாரண நிலையங்களில் இருந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் கடைசியில், விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள்.

ஒக்டோபரில் ஏ.எல். முதலாம் வருட வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நோட்ஸ் கொப்பி எங்கே? ஆசிரியர் எந்த முகாமில்? பக்கத்து மேசையில் இருந்த சிநேகிதி எந்தக் கரையில்? எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளுக்கு அதே ஊர்ப்பெயரோடு புத்தளத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. ஊர் இல்லாமல் போன பிறகும் பள்ளிக்கூடத்தின் பெயரில் ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எங்கள் நண்பர்களில் சிலர் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களின் பிள்ளைகள். "உம்மா எந்த வருசம் ஏ.எல்.?" என்று கேட்டால், "எடுக்கேல்ல, அந்த வருசம்தானே வந்தனாங்கள்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும்.

2007–08இல் பெருநிலத்தின் முறை. மடு, அடம்பன், விடத்தல்தீவு என்று சண்டை நகர நகர, சனம் கிழக்கே கிழக்கே போனது. 2009 மேயில் போர் முடிந்தபோது அந்தச் சனம் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களில் இருந்தது. அதே வருடம் ஓகஸ்டில் முகாமுக்குள்ளேயே ஏ.எல். பரீட்சை நடந்தது. அதை எழுதிய பிள்ளைகளின் 12ஆம் தரம் எங்கே நடந்திருக்கும்? ஒரு மரத்தடி, பிறகு இன்னொரு மரத்தடி, பிறகு பதுங்குகுழி.

எங்கள் காலத்துக்கு வருவோம். குண்டு இல்லை. 2010இல் புதிய பாலம் வந்தது, 2015இல் ரயில் தலைமன்னார் வரை திரும்பி வந்தது. ஆனாலும் நேரம் கையில் நிற்கவில்லை. கொரோனாவால் பிந்திய 2021ஆம் ஆண்டு ஓ.எல்., எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 மே மாதத்தில் நடந்தது. பெறுபேறு நவம்பரில் வந்தது. அந்தத் தொகுதியின் ஏ.எல். 2024 நவம்பர் 25இல் தொடங்கியது. இரண்டு நாளில் புயல் மழையும் வெள்ளமும் வந்து பரீட்சையை நாடு முழுக்க நிறுத்தினார்கள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு இன்றைக்கு 12இல் இருக்கிற தம்பி தங்கச்சிக்கு என்ன சொல்வது? "முதல் நாளிலிருந்து ரியூசனுக்கு ஓடு" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கினம். வேறு நாலு விசயம் சொல்கிறோம்.

ஒன்று, பாடத் தெரிவு. முதல் சில கிழமைகளில் எடுக்கிற முடிவுதான் இரண்டு வருடத்தையும் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் கைநூல் வெளியிடுகிறது. எந்தப் பாடச் சேர்க்கைக்கு எந்தக் கற்கைநெறி, எது மாவட்ட அடிப்படை, எது தீவளாவிய திறமை மட்டும் என்று அதில் இருக்கிறது. பெறுபேறு வந்த பிறகு வாங்குகிற புத்தகம் என்று நினைக்க வேண்டாம். பழைய பிரதி ஒன்றாவது இப்பவே வாசியுங்கள். சிநேகிதர் எடுக்கிற பாடம், ஆசிரியர் இருக்கிற பாடம் என்ற இரண்டு காரணங்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு, மாவட்டம். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எங்கே படித்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் உங்கள் மாவட்டம் முடிவாகும். 12ஆம் தரத்தில் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பள்ளி மாறுவது தாத்தா காலத்தில் கெட்டித்தனம். இன்றைக்கு அதில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு. வீட்டில் இருந்து கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

மூன்று, வகுப்பறை. 80 வீத வரவு என்ற விதியைத் தொல்லையாகப் பார்க்கிறோம். ஆனால் பள்ளிக்கூடம் இல்லாமல் போன வருடங்களை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. சோதினைக்கு அவசரம் இல்லாத ஒரே வருடம் இது. நூலகத்தில் பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம் எடுக்கவும், ஆங்கிலத்தைப் பயமில்லாமல் தொடவும், விளங்காததை வெட்கப்படாமல் கேட்கவும் 13இல் நேரம் இருக்காது.

நாலாவது, செயற்றிட்டம். 12ஆம் தரத்தில் தனியாகவும் குழுவாகவும் செய்யச் சொல்வார்கள். பலர் போன வருடத்து அக்காமாரின் கொப்பியைப் பார்த்து எழுதி முடிக்கிறார்கள். புள்ளிக்கு உதவாது என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் பரீட்சை வினாத்தாள் ஒருபோதும் கேட்காத கேள்வியை நீங்களே கேட்கக் கிடைக்கிற வாய்ப்பு அது ஒன்றுதான். உங்கள் தெருவில் 1990இல், 2008இல் ஏ.எல். முதலாம் வருடத்தில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய பள்ளிக்கூடம் எது, எந்தப் பாடம் படித்தார், அந்த வருடம் எங்கே நின்றுபோனது என்று கேட்டு எழுதுங்கள். தமிழ்ப் பிள்ளை எருக்கலம்பிட்டிக்குப் போய்க் கேட்கட்டும், முஸ்லிம் பிள்ளை அடம்பனுக்கும் வங்காலைக்கும் போய்க் கேட்கட்டும். நாங்கள் இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது கொள்கைகளைப் பற்றி எழுதியது நிறையக் கிடைத்தது. அந்த வகுப்பறைகளில் இருந்தவர்களின் சொந்தக் குரலில் ஒரு பக்கம்கூட எங்கள் கைக்கு வரவில்லை. அன்றைக்கு 17 வயதாக இருந்தவர்களுக்கு இன்று 50 தாண்டிவிட்டது.

யாரும் சோதினை வைக்காத வருடத்தில் செய்கிற வேலையை நீங்களாக விரும்பித்தான் செய்கிறீர்கள். எழுதி முடித்தால் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வாசிக்கக் காத்திருக்கிறோம்.