பன்னிரண்டு முதலியார்கள்

உடையார் வளவு, விதானையார் ஒழுங்கை என்று யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். பதவிகள் போய்விட்டன. 1963இல் விதானைமாரின் இடத்துக்குக் கிராம சேவகர்கள் வந்தார்கள். அந்தப் பழைய தலைமை எத்தகையது என்பதையே இன்று நோக்குகின்றோம், நேயர்களே.

1619இல் போர்த்துக்கேயர் நல்லூர் அரசைக் கவர்ந்தனர். சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். அரசன் போனான், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற பிரிவுகள் போகவில்லை. அவற்றின் தலைமைக்காரர் புதிய எசமானுக்கு வரி திரட்டினர், ஊழியத்துக்கு ஆள் சேர்த்தனர். வந்தவனுக்கு ஊர் வழக்கம் தெரியாது. ஊருக்கு வந்தவனின் மொழி தெரியாது. இடையில் நின்றவருக்கே செல்வாக்கு.

வெளியார் கைகொடுத்து நிறுத்திய தலைமை எமக்கு மட்டும் உரியதன்று. மத்திய அமெரிக்கக் கரையில் வாழும் மிஸ்கிட்டோ மக்களின் அரசனுக்கு 1816இல் பெலீசில் ஆங்கிலேயரே முடிசூட்டினர். இங்கே முடி இல்லை, முதலியார் என்ற பட்டம் இருந்தது.

அந்தப் பட்டத்தின் பலம் 1707இல் தெரிந்தது. ஒல்லாந்த ஆளுநர் சீமோன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. தமிழாக்கிய ஏட்டைப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்தார்கள். நாட்டு வழக்கம் இதுதான் என்று அவர்கள் ஒப்புதல் தந்தார்கள். ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கக்கூடிய வழக்கம் அன்றோடு ஏட்டில் உறைந்தது. சீதனம், முதுசம், காணி விற்பனை எல்லாம் அதில் உண்டு. அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அடிமைகளையோ பெண்களையோ அழைத்துக் கேட்டதாகக் காணோம். பன்னிரண்டு பேர் சொன்னது ஒரு நாட்டின் வாக்காயிற்று.

1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். 1844இல் அடிமைமுறை ஒழிந்ததும் அந்தப் பகுதி செத்தது. சொத்து விதிகள் நிலைத்தன. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டுச் சட்டம். 2009இல் போர் முடிந்தபின், கணவன் காணாமற்போன பெண்கள் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு கேட்டு நீதிமன்றப் படியேற நேர்ந்தது.