மெய்யின் தலைப்புள்ளி

“மெய்யெழுத்தின் தலையில் ஏன் புள்ளி இட வேண்டும்?” என்று முதலாண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் வினவினாள். “மெய் என்று காட்டுவதற்கு” என்றேன். அவ்விடையால் அவள் நிறைவடையவில்லை. எண்ணிப் பார்த்தபோது நானும் நிறைவடையவில்லை. நாள்தோறும் கை எழுதும் இச்சிறு குறிக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அதில் பல நூற்றாண்டுகள் அது பெரும்பாலும் எழுதப்படாமலே இருந்தது என்பதுதான் வியப்பு.

வடபுலத்துப் பிராமி எழுத்தில் ஒவ்வொரு மெய்யும் அகரத்தைத் தன்னுள் கொண்டே நின்றது. அகரம் ஒலிக்கலாகாத இடத்தில் ஓரெழுத்தின்கீழ் மற்றோரெழுத்தை அடுக்கி எழுதினர். பிராகிருதச் சொற்கள் மெய்யில் முடிவதில்லை. ஆகவே அம்மொழிக்கு அம்முறை போதுமானதாயிற்று. தமிழிலோ மரம், அவன், கடல் எனச் சொற்கள் மெய்யில் முடிகின்றன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பொறித்தோர் தொடக்கத்தில் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் தீர்க்க முயன்றதையும், புள்ளி பின்னரே தோன்றியதையும் ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விளக்கியுள்ளார். தொல்காப்பியம் மெய்யெழுத்துகளுக்கு மட்டுமன்றி, எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வகுத்தது. கூட்டெழுத்துச் சுமையின்றி நாம் தமிழ் எழுதுவது இப்புள்ளியின் கொடையாகும்.

இலக்கணம் வகுத்ததை ஏடு பின்பற்றியதா? பெரும்பாலும் இல்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளியைக் காண்பது அரிது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. காலும் ரகரமும் ஒரே வடிவின. எனவே கல்வியும் கலவியும், எரியும் ஏரியும், பாவையும் பரவையும் ஏட்டில் வேறுபாடின்றி நின்றன.

எழுத்தாணி ஓரிடத்தில் அழுந்தினால் ஓலை துளைபடும், ஆதலால் புள்ளியைத் தவிர்த்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அது ஓரளவே பொருந்தும். கல் துளைபட்டுக் கிழிவதில்லை. ஆயினும் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலிலும் மெய்கள் புள்ளியின்றியே நிற்கின்றன. எழுதுபொருள் மாறியும் வழக்கம் மாறவில்லை. ஆகவே காரணத்தை ஓலையில் மட்டும் தேடாமல், ஓலையைப் படித்தவரிடத்தும் தேடுதல் வேண்டும்.

அவர் கண்ணால் மட்டும் படித்தவர் அல்லர். ஆசிரியர் வாய்மொழியாகப் பாடங்கேட்டவர். யாப்பைச் செவியில் ஏற்றிக்கொண்டவர். மேற்காட்டிய சொற்களையே காண்போம். கல்வி நேரசையில் தொடங்குவது. கலவி நிரையசையில் தொடங்குவது. ஏரி நேர், எரி நிரை. பாவை நேர், பரவை நிரை. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரை வரவேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேர் வரவேண்டும். முன்னின்ற சீரை அறிந்தவர்க்கு அடுத்த சொல் எதுவென்பதில் ஐயம் எழாது. ஏட்டில் இல்லாத புள்ளியைத் தளை இட்டுக் கொடுத்தது.

இதனை நான் தவறு செய்தே கற்றேன். ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில், வெண்பாச் சுவடி ஒன்றில் ‘பரவை’ என்பதைப் ‘பாவை’ என்று படித்து, அதற்கேற்ப உரையும் எழுதிவிட்டேன். பொருள் ஒருவாறு பொருந்தியது. அதுவே என்னை ஏமாற்றியது. நெறியாளர் ஏட்டை நோக்காமலே, “அடியை வாய்விட்டுப் படியம்மா” என்றார். படித்தேன். முன்சீர் தேமா, அதனையடுத்து நேரசை வர இயலாது. கண் தவறவிட்ட கடலைச் செவி மீட்டுத் தந்தது.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், ஒற்றைக் கொம்பின் மேல்முனையைச் சுழித்து நெடிலைக் குறிலினின்று பிரித்துக் காட்டினார். தொல்காப்பியர் குறிலுக்கு அடையாளம் இட்டார்; முனிவர் அதனை நெடிலுக்கு மாற்றினார். பின்வந்த அச்சுநூல்களில் மெய்ப்புள்ளியும் காலும் படிப்படியாக நிலைபெற்றன. இதனால் யாப்பறியாதவரும் தமிழை ஐயமின்றிப் படிக்க முடிந்தது. அஃது எளிய நன்மை அன்று. கல்வி பலர்க்கும் உரியதாகிய காலத்துக்கு அது இன்றியமையாதது. ஆனால் புள்ளி கண்ணுக்குக் கிட்டியபின், செவிக்கு வேலை குறைந்தது.

நம் வட்டத்தின் கூட்டங்களில் மரபா, புதுமையா என்னும் வழக்கு அடிக்கடி எழுகின்றது. புதுக்கவிதை எழுதுவோர்க்கு யாப்பு எதற்கு என்று இளங்கவிஞர் கேட்பர். எழுதுவதற்கு வேண்டாமென்றே கொள்வோம், படிப்பதற்கு வேண்டும். சென்னையிலும் தஞ்சையிலும் உள்ள சுவடி நூலகங்களில் ஓலைகள் புள்ளியின்றியே காத்திருக்கின்றன. படமெடுத்துப் பாதுகாத்தாலும், அவற்றில் இல்லாத புள்ளியைப் படம் இட்டுத் தராது. செவி பழகியவரே இடுதல் வேண்டும்.

அம்மாணவிக்கு மறுநாள் நான் கூறிய விடை இது: “முன்னோர் காதால் இட்ட புள்ளியை நாம் கையால் இடுகிறோம்.” பத்தாண்டு நிறைவு கண்ட நம் வட்டம், இனித் திங்கள்தோறும் ஓர் அமர்வைப் பழம்பாடல்களை வாய்விட்டுப் படிப்பதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். வட்டம் வளர்க!