பல பதிலிகளைக் கொண்ட கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடுதல்

கரிமச் சேர்மம் ஒன்றில் ஹைட்ரஜன் அணு இருந்த இடத்தில் வேறோர் அணுவோ அணுத்தொகுதியோ வந்து அமர்ந்தால் அதற்குப் பதிலி என்று பெயர். மெதில், எதில், குளோரோ, புரோமோ, நைட்ரோ ஆகியவை அடிக்கடி எதிர்ப்படும் பதிலிகள். ஒரே மூலக்கூறில் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து வரும்போது எதை முதலில் சொல்வது, எந்த முனையிலிருந்து எண்ணுவது என்ற கேள்விகள் எழும். அவற்றுக்கு விடை தரும் விதிகளை, 1919-இல் தோன்றிய தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் (ஐயுபேக்) வகுத்துத் திருத்தி வருகிறது.

முற்காலத்தில் ஒரு பொருள் எங்கே கிடைத்ததோ அதைக்கொண்டே பெயர் வைத்தார்கள். எறும்பைக் காய்ச்சி வடித்து எடுத்த அமிலத்துக்கு எறும்பின் லத்தீன் பெயரால் ஃபார்மிக் அமிலம் என்றும், புளித்த பாலில் கிடைத்ததற்கு லாக்டிக் அமிலம் என்றும் பெயர் அமைந்தன. ஆய்வகங்களில் புதுச் சேர்மங்கள் பெருகியபோது இந்த வழக்கம் போதவில்லை. 1892-இல் சார்லஸ் ஃபிரீடல் தலைமையில் ஜெனிவாவில் கூடிய வேதியியலாளர்கள், மிக நீண்ட கார்பன் சங்கிலியை அடிப்படையாக வைத்துப் பெயரிடும் முறையை ஏற்றனர். 1930-இல் லியேஜ் விதிகள் வந்தன. அதன்பின் வந்த விதித் தொகுப்பு, அட்டையின் நிறத்தால் நீலப் புத்தகம் என்றே வழங்குகிறது. அதன் அண்மைப் பெரும் திருத்தம் 2013-இல் வெளியானது.

பெயரிடுவதன் முதல் படி முதன்மைச் சங்கிலியைக் கண்டுபிடிப்பது. தாளில் நேர்க்கோடாக வரைந்திருப்பதுதான் நீண்ட சங்கிலி என்று எண்ணிவிடக் கூடாது; வளைந்தும் மடங்கியும் செல்லும் பாதையும் சங்கிலியே. நீளம் சமமான இரண்டு பாதைகள் இருந்தால், பதிலிகள் மிகுதியாக உள்ள பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதனால்தான் 3-எதில்-2-மெதில்ஹெக்சேன் என்பது சரியான பெயராகிறது. அதே மூலக்கூறை 3-ஐசோபுரொப்பைல்ஹெக்சேன் என்பது பிழை.

அடுத்தது எண்ணிடுதல். பதிலிகள் அமர்ந்துள்ள கார்பன்களின் எண்களை, அதாவது இடஎண்களை, கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை குறைவாக வரும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று பலரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. பத்துக் கார்பன் சங்கிலி ஒன்றில் மூன்று மெதில் தொகுதிகள் ஒரு பக்கத்திலிருந்து 2, 7, 8 என்றும், மறுபக்கத்திலிருந்து 3, 4, 9 என்றும் வருவதாகக் கொள்வோம். முதலாவதின் கூட்டுத்தொகை 17, இரண்டாவதின் தொகை 16. ஆயினும் சரியான பெயர் 2,7,8-ட்ரைமெதில்டெக்கேன். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து முதல் எண்ணிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வந்து, முதல் வேறுபாடு தோன்றும் இடத்தில் எது சிறியதோ அதையே கொள்ள வேண்டும். இங்கே 2-க்கும் 3-க்கும் இடையிலேயே வழக்கு முடிந்துவிட்டது.

பெயருக்குள் பதிலிகளை அடுக்குவது அகரவரிசையில். தமிழில் வேதியியல் படிப்பவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. விதி சொல்லும் வரிசை லத்தீன் எழுத்துகளின் வரிசை. அதன்படி புரோமோ, குளோரோ, எதில், புளூரோ, அயோடோ, மெதில், நைட்ரோ என்று அடுக்க வேண்டும். தமிழ் எழுத்தை வைத்து அடுக்கினால் அயோடோ முதலிலும் மெதில் கடைசியிலும் வந்துவிடும். குளோரோ புரோமோவை முந்திவிடும். எனவே 1-புரோமோ-3-குளோரோபுரொப்பேன் என்பதைத் தமிழ் அகராதி வரிசையில் திருப்பிப் போடக் கூடாது. தமிழ்ப் பாடநூல்கள் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தரும் பக்கத்திலேயே இந்த வரிசையையும் அச்சிட்டுத் தருவது மாணவருக்குச் செய்யும் பெரிய உதவி.

எண்ணிக்கையைக் காட்டும் டை, ட்ரை, டெட்ரா ஆகியவற்றை அகரவரிசையில் கணக்கிடுவதில்லை. 4-எதில்-2,2-டைமெதில்ஹெக்சேனில் எதில் முந்துவது இதனால்தான். டெர்ட்-பியூட்டைல் என்பதில் டெர்ட் கணக்கில் சேராது. ஐசோ, சைக்ளோ இரண்டும் சேரும். கிளைக்குள்ளேயே கிளை இருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் எழுதுவர். அப்போது உள்ளே வரும் டை-யும் பெயரின் பகுதியாகக் கொள்ளப்படும். இரண்டு பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒரே இடஎண்கள் வந்தால், அகரவரிசையில் முந்தும் பதிலிக்குச் சிறிய எண்ணைத் தர வேண்டும். 3-எதில்-5-மெதில்ஹெப்டேன் அப்படி அமைந்தது.

இத்தனை விதிகளையும் ஒரே பெயரில் காண ஹாலோத்தேன் நல்ல சான்று. இந்த மயக்க மருந்தைச் சார்லஸ் சக்லிங் 1951-இல் இங்கிலாந்தில் தயாரித்தார். 1956 முதல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் முறைப்படியான பெயர் 2-புரோமோ-2-குளோரோ-1,1,1-ட்ரைபுளூரோஈத்தேன். மூன்று புளூரின் உள்ள கார்பனுக்கு 1 என்ற எண் கிடைத்தது 1,1,1,2,2 என்ற வரிசை 1,1,2,2,2 என்பதைவிடச் சிறியது என்பதால். புரோமோ முதலில் நிற்பதற்கும் எண் 1 பெறுவதற்கும் தொடர்பே இல்லை. ஒன்று சொல்லும் வரிசை, மற்றது இருக்கும் இடம்.

மூலக்கூறில் வினைச்செயல் தொகுதி (இலங்கையில் தொழிற்பாட்டுக் கூட்டம்) இருந்தால் அதற்கே முதலிடம். கார்பாக்சிலிக் அமிலம், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்ற தரவரிசையில் உயர்ந்தது பின்னொட்டாகும். மற்றவை முன்னொட்டுகளாகிப் பதிலிகளோடு சேர்ந்துவிடும். ஹேலோஜன்களும் நைட்ரோவும் எப்போதும் முன்னொட்டுகளே. புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தில் அமிலத் தொகுதி இரண்டு, ஆல்கஹால் தொகுதி இரண்டு. அமிலம் மேலானது என்பதால் அது 2,3-டைஹைட்ராக்சிபியூட்டேன்டையோயிக் அமிலம் எனப்படும்.

இடஎண்ணின் அருமையை ஓமத்தில் காணலாம். ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதியோடு ஒரு மெதிலும் ஓர் ஐசோபுரொப்பைலும் கொண்டது. ஹைட்ராக்சில் உள்ள கார்பன் 1 என்பதால் மற்றவை 2, 5 என்ற இடங்களைப் பெறும். பழைய வழக்கில் அதை 2-ஐசோபுரொப்பைல்-5-மெதில்பீனால் என்பர். 2013 விதிகள் ஐசோபுரொப்பைலைவிடப் புரொப்பேன்-2-யில் என்ற வடிவத்தையே விரும்புகின்றன. லத்தீன் எழுத்தில் இது மெதிலுக்குப் பின்னே வருவதால், 5-மெதில்-2-(புரொப்பேன்-2-யில்)பீனால் என்று சொல்லும் வரிசை மாறிவிட்டது. மூலக்கூறில் எதுவும் நகரவில்லை.

இப்போது அந்தப் பெயரில் 2-ஐயும் 5-ஐயும் மட்டும் இடம் மாற்றினால் 2-மெதில்-5-(புரொப்பேன்-2-யில்)பீனால். இது வேறு சேர்மம்; பெயர் கார்வக்ரால். பத்துக் கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. கார்வக்ரால் கற்பூரவள்ளி இலையில் உண்டு. அந்தச் செடிக்கு ஓமவல்லி என்றும் பெயர்.