பச்சைக் கதிரவனும் பதிவேடும்: 1883 செப்டம்பர் மாதத்து வானிலை நோக்கர்கள்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில், விடியுமுன் லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கும் வேளையில் சற்று நின்று கேட்போமாயின், விலையைப் பற்றிய பேச்சு விரைவிலேயே மழையைப் பற்றிய பேச்சாக மாறிவிடுவதைக் காண்போம். பெரம்பலூர்ப் பக்கம் மழை பெய்ததா, சின்ன வெங்காயம் ஈரத்தில் அழுகிற்றா, வாழைத் தோட்டங்களில் காற்று அடித்ததா என்பவையே அங்குள்ள கேள்விகள். இவ்வூரின் வானிலை இருவேறு மழைகளால் ஆனது. காவிரியில் வரும் வெள்ளம் மேற்கே குடகிலும் கர்நாடகத்திலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் நீர். ஊரின் மேல் பெய்வதோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு வியாபாரியும் தம்மளவில் ஒரு வானிலை நோக்கரே. ஆனால் அவர் நோக்குவது எழுதப்படுவதில்லை. அடுத்த ஆண்டு அதை ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலுவதில்லை.

அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், தெப்பக்குளத்தை அடுத்து, சுவார்ட்ஸ் ஐயர் 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. மழை வேண்டியும், மழைக்கு நன்றி கூறியும், வெள்ளத்தில் அடைக்கலம் தேடியும் நம் ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக மன்றாட்டுகள் ஏறெடுக்கப்படுகின்றன. அருளுரைகளிலும் மழை ஆசியாகவும் வறட்சி தண்டனையாகவும் எளிதில் விளக்கப்படுகிறது. மார்க்கெட்டின் பேச்சுக்கும் பீடத்தின் விளக்கத்துக்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு. அதுவே பதிவேடு. ஊதியமோ கட்டளையோ இன்றி நாள்தோறும் வானத்தைப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதிவைத்த மனிதரின் பணி அது. அவர்களுள் திருச்சபையோடு தொடர்புடையவர் பலர். அவர்கள் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் செய்த பணியை இங்கு நினைவுகூர்ந்து, அது இறையியல் பயில்வோருக்குக் கற்பிப்பது யாது என ஆராய முற்படுகிறோம்.

1. முன்னோடிகள்

தமிழகத்தின் ஐரோப்பிய மிஷனெரிகள் தொடக்கமுதலே நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர்கள். ஹாலே நகரத்துக்கு அனுப்பப்பட்டு அங்கு அச்சான அறிக்கைகளில் ஞானஸ்நானங்களோடும் தர்க்கங்களோடும் வெயிலும் மழையும் புயலும் பஞ்சமும் இடம்பெற்றன. 1730-களில் சென்னையில் பணியாற்றிய ஹாலே மிஷனெரி கைஸ்டர் ஒரு வானிலை நாட்குறிப்பையே விட்டுச்சென்றார். ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்குப் பின்னர், 1990-களின் இறுதியில், பிரித்தானிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் தட்பவெப்பத்தை மீட்டுரைக்க முனைந்தபோது, அக்குறிப்பு அவர்களுக்குச் சான்றாயிற்று. ஆத்துமாக்களைத் தேடி வந்தவருடைய எழுத்து, அவர் எண்ணியும் பாராத ஒரு பயனை அளித்தது.

இப்பணி மிஷனெரிகளுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவராக வந்த வில்லியம் ராக்ஸ்பரோ 1770-களில் சென்னைக் கோட்டையில் வானிலைக் குறிப்பேடு ஒன்றை எழுதினார். அது இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியாயிற்று. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைப் பதிவு ஒழுங்காக நடைபெறலாயிற்று. ஐரோப்பாவிலோ 1780-இல் மன்ஹைம் நகரில், ஹெம்மர் என்னும் அரண்மனைக் குருவானவரின் முயற்சியால் ஒரு வானிலைக் கழகம் தோன்றியது. துறவிமடங்களும் கல்விச்சாலைகளும் உள்ளிட்ட பல நிலையங்களுக்கு அது ஒரே வகைக் கருவிகளை அனுப்பி, ஒரே நேரங்களில், அதாவது காலை 7, பிற்பகல் 2, இரவு 9 மணிகளில் அளக்கச் செய்தது. தனி மனிதனின் கண் எவ்வளவு கூரியதாயினும் வானம் அதனிலும் பெரிது. பலர் ஒன்றுபட்டு நோக்கினாலன்றி அதன் போக்கு விளங்காது என்னும் உண்மை அங்கே செயலுருப் பெற்றது.

2. பஞ்சமும் எண்களும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருநெல்வேலியில் பல்லாயிரவர் அக்காலத்தில் திருச்சபையை நாடி வந்ததை நம் வரலாற்று நூல்கள் பெருமையோடு குறிப்பிடுகின்றன. அதே ஆண்டுகளில் மழைப் பதிவேடுகளும் புரட்டப்பட்டன என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. வில்லியம் ஹண்டர் என்னும் அதிகாரி, 1813 முதல் எழுதப்பட்டிருந்த சென்னை மழைக் கணக்கைச் சூரியனின் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டு, பஞ்சம் பதினோராண்டுச் சுழற்சியில் வருகிறதென்று 1877-இல் எழுதினார். அக்கருத்து காலத்தின் சோதனைக்கு நிற்கவில்லை. 1877-இல் பருவமழை தவறியதற்குப் பசிபிக் பெருங்கடலில் தோன்றிய வலுவான எல் நினோ நிலை முக்கிய காரணம் எனப் பிற்கால ஆய்வு காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மழை பொய்த்தது உண்மை. ஆயினும் மழை பொய்த்ததனால் மட்டும் மக்கள் மடியவில்லை. பட்டினி நிலவிய நாட்டிலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரணக் கூலி குறைக்கப்பட்டது. பஞ்சத்தின் காரணம் முழுவதையும் கதிரவன்மேல் ஏற்றுவது ஆட்சியாளருக்கு வசதியாயிருந்தது. பஞ்சத்தின் காரணம் முழுவதையும் கடவுள்மேல் ஏற்றுவதும் அதற்கு ஒப்பான வசதியே. பதிவேடு இவ்விரண்டு வசதிகளையும் மறுக்கிறது. மழை எவ்வளவு குறைந்தது என்பதை அது துல்லியமாகக் கூறுவதால், மிஞ்சிய கேட்டுக்குப் பொறுப்பாளிகள் யார் என்னும் கேள்வி தானே எழுகிறது.

3. 1883 செப்டம்பர்

1883 ஆகஸ்டு 27-இல் ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள கிரகத்தோவா எரிமலை வெடித்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலைகளில் 36,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடியோசை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிகஸ் தீவில் கேட்டது. அதை நேரத்தோடு குறித்துவைத்தவர் அத்தீவின் காவல் துறைத் தலைவர். நாகப்பட்டினத்தில் கடல்மட்டத்தை அளக்கும் கருவியிலும் அலையின் அதிர்வு பதிவாயிற்று. எனினும் தமிழகத்து மக்கள் கண்டு திகைத்த காட்சி ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின்னரே வந்தது.

செப்டம்பர் 9-ஆம் நாளையொட்டி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கதிரவன் பச்சை நிறமாகத் தோன்றியது. உதயத்திலும் அஸ்தமனத்திலும் கண் கூசாமல் நோக்கத்தக்க பச்சை வட்டமாக அது நின்றது. மாதத்தின் பிற்பகுதியிலும் அக்காட்சி மீண்டும் தென்பட்டது. யோவேல் தீர்க்கதரிசியின் நூலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் அறிந்த ஒரு சபை அக்காலையில் கூடியிருக்குமாயின், அதன் ஆயர் எதைப் பேசியிருப்பார் என எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

அப்போது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். அவர் நிறமாலைக் கருவியைக் கதிரவன்பால் திருப்பி, ஒளியின் எப்பகுதி மங்கியது, நீராவியைக் காட்டும் பட்டை எவ்வளவு தடித்தது என்பவற்றை நாள்தோறும் குறித்தார். அக்குறிப்புகள் நேச்சர் இதழில் வெளியாயின. நிறமாற்றத்தில் நீராவிக்கு அவர் பெரும்பங்கு அளித்தார்; பின்னர் வந்த ஆய்வோ மேல்வளியில் பரவிய நுண்துகள்களே முதன்மைக் காரணம் எனக் கொண்டது. அவருடைய விளக்கம் திருத்தப்பட்டது. அவருடைய குறிப்பு திருத்தப்படவில்லை. நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய வேறுபாடு இது.

பூமியின் மறுபுறத்தில், ஹொனலூலுவில், செரீனோ பிஷப் என்னும் திருச்சபை ஊழியர் செப்டம்பர் 5 முதல் வானத்தின் விந்தைச் சிவப்பையும், கதிரவனைச் சுற்றித் தோன்றிய மங்கலான வளையத்தையும் எழுதிவைத்தார். ஹவாயில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அவ்வளையம் இன்றும் வானிலை நூல்களில் பிஷப் வளையம் என்றே வழங்குகிறது. கப்பல்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த செய்திகளை அவர் திரட்டி நோக்கியபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஆப்பிரிக்கக் கரை, டிரினிடாட், ஹவாய், மீண்டும் இலங்கையும் தென்னிந்தியாவும் என, அக்காட்சி நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கிச் சென்று, சுமார் இரு வாரங்களில் உலகைச் சுற்றிவந்திருந்தது. மேல்வளியில் அத்தகைய விரைந்த கீழைக்காற்று உண்டு என்பதை அதுவரை எவரும் அறிந்திலர். ஆசிரியர், ஊழியர், மாலுமி, காவலர் எனப் பலரும் தம் இடத்திலிருந்து எழுதிய சிறு வரிகள் ஒன்றுசேர்ந்தபோதே அது வெளிப்பட்டது.

இலண்டன் அரச கழகம் அமைத்த குழு இக்குறிப்புகளைத் தொகுத்து 1888-இல் வெளியிட்டது. தொகுத்தவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். 1860-இல் 168 நிலையங்களின் மழைக்கணக்கோடு தொடங்கிய அவருடைய தன்னார்வ நோக்கர் அமைப்பு, 1900-இல் அவர் இறந்தபோது மூவாயிரத்தைக் கடந்திருந்தது. அதில் கிராமத்துக் குருமார் திரளாக இருந்தனர். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய மழைமானியும் அவர் பெயரையே தாங்கியது.

4. இரு சகோதரர்

மிச்சி ஸ்மித்தின் குடும்பம் நம் மாணவருக்குப் புதியதன்று. ஸ்காத்லாந்தின் கீக் ஊரில் சுயாதீன சபை ஆயராக இருந்தவரின் மகன் அவர். பழைய ஏற்பாட்டு ஆய்வாளர் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் அவருடைய மூத்த சகோதரர். மோசேயின் ஆகமங்கள் பல காலத்து எழுத்துகளின் தொகுப்பு என்னும் கருத்தை வெளியிட்டதற்காக ராபர்ட்சன் ஸ்மித் சபை விசாரணைக்கு உள்ளாகி, 1881-இல் அபர்டீன் கல்லூரியில் தம் பேராசிரியப் பதவியை இழந்தார். அவரும் இளமையில் எடின்பரோவில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராய்ப் பணியாற்றியவரே.

ஒரு சகோதரர் திருமறையின் எழுத்தையும் மற்றவர் வானத்தின் ஒளியையும் நோக்கினர். இருவரும் கடைப்பிடித்த நெறி ஒன்றே: முதலில், முன்னிருப்பது யாது என உள்ளபடி காண்பது, பின்னரே அதன் பொருளை வினவுவது. முதல்வரைச் சபை தண்டித்தது; இரண்டாமவரைச் சபையின் கல்லூரி போற்றியது. வானத்தை உள்ளபடி காண்பதைத் தடுக்காத சபை, எழுத்தை உள்ளபடி காண்பதற்கு ஏன் அஞ்சியது? இக்கேள்வி இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. மிச்சி ஸ்மித் 1891-இல் சென்னையில் அரசு வானியலாளராகி, கோடைக்கானல் வானாய்வகத்தை உருவாக்கி, 1922-இல் கோடைக்கானலிலேயே மறைந்தார்.

5. இறையியல் நோக்கு

மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில், வானத்தின் முகத்தைக் கொண்டு மழையையும் வெயிலையும் அறிபவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். வானத்தை நோக்கியதற்காக அவர் கடியவில்லை. அங்குக் காட்டும் கூர்மையைக் காலத்தின் அடையாளங்களில் காட்டாமைக்காகவே கடிகிறார். நோக்கும் திறன் அங்கே குற்றமாகாது, முன்மாதிரியாகிறது. பிரசங்கியின் நூலோ காற்றையே கவனித்துக்கொண்டிருப்பவன் விதைக்கமாட்டான் என எச்சரிக்கிறது. நோக்குதல் செயலுக்குப் பதிலாக நிற்கலாகாது என்பது அதன் பொருள்.

இவற்றினும் ஆழமாக நம்மைத் தொடுவது 1 இராஜாக்கள் 18-இல் வரும் பெயரறியா ஊழியனின் நிகழ்ச்சி. எலியா கர்மேலின் உச்சியில் முகங்குனிந்து மன்றாடுகிறார். ஊழியனோ கடலை நோக்கச் செல்கிறான். ஒன்றும் இல்லை என்று வந்து கூறுகிறான். மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகிறான். ஏழாம் முறையே உள்ளங்கையளவு மேகத்தைக் காண்கிறான். தீர்க்கதரிசியின் மனத்தைக் குளிர்விக்க எண்ணி அவன் முன்னமே மேகம் ஒன்றைக் கற்பித்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. முன்னைய அறிக்கைகள் உண்மையாக இருந்தமையாலன்றோ ஏழாவது அறிக்கையை எலியா நம்பி எழுந்தார்? மழைப் பதிவேட்டில் சுழியம் என எழுதப்படும் நாள்கள் இத்தகையவை. அவை எழுதப்படாவிடில், வறட்சியை எவரும் மெய்ப்பிக்க இயலாது. விசுவாசமுள்ள மன்றாட்டும் உண்மையுள்ள அறிக்கையும் அம்மலையில் ஒன்றுக்கொன்று பகையாயிருக்கவில்லை.

நீதியுள்ளவர்மேலும் அநீதியுள்ளவர்மேலும் பிதா மழை பொழியச் செய்கிறார் என்னும் மலைப்பொழிவின் போதனையைப் பதிவேடு வேறொரு வகையில் உறுதிப்படுத்துகிறது. எவர் வயலில் எவ்வளவு பெய்தது என்பதே அதில் உண்டு. எவர் தகுதியுடையவர் என்னும் பத்தி அதில் இல்லை. 1977 நவம்பர்ப் புயல்மழையில் திருச்சிராப்பள்ளி நகரம் மூழ்கியது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை விழுங்கியது. இத்தகைய வேளைகளில் மாண்டோரின் பாவத்தை அளக்கத் துணிபவன், தான் அளக்காத ஒன்றைப் பதிவேட்டில் எழுதுபவனாவான்.

முடிவுரை

இன்றும் தமிழகத்தில் இளைஞர் பலர் ஊதியமின்றி மழை அளந்து ஒருவருக்கொருவர் அறிவித்துவருகின்றனர். நம் ஆயர் இல்லங்களும் இப்பணியில் சேரலாம். மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில், விளிம்பு தரையிலிருந்து 30 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு ஒரு மழைமானி போதும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கவேண்டும், 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளே மழைநாள் எனப்படும். ஒரு மில்லிமீட்டர் மழையென்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். ஐப்பசி ஒரு மாதம் விடாது எழுதிப் பார்ப்பவர், மழைக்காக மன்றாடும்போது தாம் எதைக் கேட்கிறோம் என்பதை அறிவார். உழவரும் மார்க்கெட்டின் சுமைத்தொழிலாளரும் மழையைப் பற்றிப் பேசுகையில் செவிகொடுக்கவும் கற்பார்.

1883 செப்டம்பரில் பச்சைக் கதிரவனைக் கண்டோர் எண்ணற்றவர். அஞ்சியவர் பலர்; விளக்கம் கூறியவர் சிலர்; நாளும் நேரமும் இட்டு உள்ளபடி எழுதியவர் மிகச் சிலர். உலகு அறிந்துகொண்டது அம்மிகச் சிலரால். சாட்சி என்னும் சொல்லை நாள்தோறும் வழங்கும் நாம், கண்டதைக் கண்டவாறும், காணாததைக் காணவில்லை என்றும் கூறும் அவ்வொழுக்கத்தை அவர்களிடமிருந்து பயில்வோமாக.