தீ எச்சரிக்கைச் சாதனங்கள் (வணிகக் கட்டடங்கள்)

தீ விபத்தைக் கட்டடத்தில் இருப்போருக்கு அறிவிக்கும் ஹாரன், மணி, ஒலிபெருக்கி, ஒளிவெட்டு விளக்கு ஆகியவை. புகை உணர்கருவிகள் இவற்றில் சேரா. அமெரிக்காவில் இவற்றின் தேர்வுக்கு அடிப்படை என்.எஃப்.பி.ஏ. 72 நெறித்தொகுப்பு. பொதுவிடங்களில் எச்சரிக்கை ஒலி, சராசரி இரைச்சலைவிட 15 டெசிபெல், அல்லது 60 நொடியாவது நீடிக்கும் உச்ச இரைச்சலைவிட 5 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும்; இரண்டில் எது அதிகமோ அது. மொத்த ஒலி 110 டெசிபெலைத் தாண்டலாகாது.

தங்கும் விடுதிகளில்தான் சிக்கல் அதிகம். தலையணை மட்டத்தில் குறைந்தது 75 டெசிபெல் கேட்க வேண்டும். கீச்சென்ற உயர் சுருதி ஒலி, செவித்திறன் குறைந்தோரையும் மது அருந்தித் தூங்குவோரையும் பலமுறை எழுப்புவதில்லை. ஆகவே படுக்கையறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ் சுருதி ஒலி விதிக்கப்பட்டது.

காது கேளாதோருக்கு ஒளிவெட்டு விளக்கே துணை. படுக்கையறை அல்லாத 20 அடிச் சதுர அறையின் சுவரில் 15 கேண்டெலா விளக்கொன்று போதும். ஒரே பார்வைப் புலத்தில் இரண்டுக்கு மேல் இருந்தால் அவை ஒருசேர மின்ன வேண்டும். தாறுமாறான மின்னல் வலிப்பைத் தூண்டக்கூடும். உயர்மாடிக் கட்டடங்களுக்குக் குரல் அறிவிப்பு ஒலிபெருக்கி தேவை. அங்கு சத்தத்தைவிடச் சொல் புரிவதே முக்கியம்.

செலவைக் குறைக்க நடைபாதை ஹாரனையே அறைகளுக்கும் நம்புவது தவறான சிக்கனம்: மூடிய கதவு ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும்.