வயலில் பிறந்து வேலிக்கு வந்த கத்தி

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் நெல் அறுக்க இறங்கும் மிஷினின் முன்பக்கத்தில், தரையை ஒட்டி நீளமாக ஒரு பட்டை இருக்கும். அதில் வரிசையாக முக்கோணப் பற்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது கிட்டப் போய்ப் பார்த்தால் சூட்சுமம் விளங்கிவிடும். விரல் விரலாக நீண்ட இரும்புக் கூர்கள் தாளைப் பிடித்து நிறுத்த, அவற்றின் ஊடே கத்தி இடமும் வலமுமாக ஓடி நறுக்குகிறது. மதுரை அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் காம்பவுண்டுச் சுவரோரத்து டுராண்டாச் செடியை மட்டம் தட்டுகிற ஹெட்ஜ் டிரிம்மரில் இருப்பதும் இதே வித்தைதான்.

அமெரிக்காவில் ஓபெட் ஹஸி 1833-லும் சைரஸ் மெக்கார்மிக் 1834-லும் குதிரை இழுக்கும் அறுவடை மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். யாருடையது உசத்தி என்று இருவரும் வெகுகாலம் மல்லுக்கட்டினார்கள். 1851 லண்டன் கண்காட்சியில் மெக்கார்மிக்கின் மிஷின் பதக்கம் வாங்கியது. வண்டிச் சக்கரம் சுழலும் வேகத்தைப் பல்சக்கரமும் கிராங்க்கும் சேர்ந்து இட வல ஓட்டமாக மாற்றின. இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கத்தியைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்கி, மோட்டார் வைத்து, தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். முடிவெட்டும் கிளிப்பரைப் பெரிதாக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் எட்டும் தூரம்தான் அதன் எல்லை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு, மெல்ல அந்தத் தளையும் அறுந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக் கொழுந்து நறுக்கும் மிஷினும் இந்த வம்சம்தான்.

மதுரைச் சமவெளிக்கு ஹெட்ஜ் டிரிம்மர் தாமதமாகத்தான் வந்தது. வரவேண்டிய அவசியமும் இங்கே இருக்கவில்லை. இந்தப் பக்கத்து வேலி அழகுக்கு வைத்ததல்ல, ஆடு மாடு நுழையாமல் இருக்க வைத்தது. கிளுவை, திருகுகள்ளி, கொடுக்காப்புளி, பிற்பாடு எங்கும் பரவிய சீமைக்கருவேலம். அதற்கேற்ற ஆயுதம் ராமேஸ்வரம் சாலையில் திருப்பாச்சேத்தியிலேயே இருந்தது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்துப் பதம் ஏற்றிய அரிவாள். வேலி வெட்டுகிறவர் இடது கையில் கவைக்கம்பு பிடித்து முள்கொப்பை ஒதுக்கி அமுக்குவார். வலது கை அடித்தூரில் சாய்வாக ஒரே போடு போடும். மணிக்கட்டு மொத்தம் உள்ள கிளைகூடத் துண்டாகிவிடும். ஆனால் செடியின் தலையைச் சீராக மட்டம் தட்டச் சொன்னால் அரிவாளுக்கு அது வராது.

பிளாட் போட்ட இடங்களில் முள்வேலி போய்ச் சுவர் வந்தது. சுவரோரம் நர்சரியிலிருந்து வாங்கிய டுராண்டாவும் இட்லிப்பூவும் வந்தன. ஐப்பசி மழை விழுந்ததும் டுராண்டா வளர்கிற வேகம் சொல்லி மாளாது. கவாத்துக் கத்திரியால் முப்பதடி வெட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை இற்றுவிடும். ஆள் கூப்பிட்டால் அரை நாள் வேலைக்கும் முழுக் கூலி. வெளி வீதிகளின் மோட்டார், பம்ப் கடைகளில் ஹெட்ஜ் டிரிம்மரை விசாரிக்க ஆள் வருவது இதனால்தான்.

கடைக்காரர் முதலில் கத்தியின் நீளத்தைத்தான் காட்டுவார். வீட்டு வேலிக்கு 45 முதல் 50 சென்டிமீட்டர் தாராளம். கேட்கவேண்டியது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை. 16 மில்லிமீட்டர் என்றால் அந்த மொத்தத்துக்கு மேல் உள்ள கொப்பு பல்லுக்குள்ளேயே போகாது. போனாலும், முற்றிய மருதாணிக் கொப்பு பச்சை டுராண்டாவைப் போல விட்டுக்கொடுக்காது, கத்தி நடுவழியில் சிக்கி நிற்கும். கிளுவைக்கும் கருவேலத்துக்கும் இந்த மிஷினை வாங்கவே வேண்டாம், அங்கே அரிவாள்தான் ராஜா.

பெட்ரோலா, ஒயரா, பேட்டரியா என்றால், தோப்பு வைத்திருப்பவருக்குத்தான் பெட்ரோல். எண்ணெய் கலந்து ஊற்றி, ஐந்து கிலோ பக்கம் தூக்கி, சத்தத்தையும் சகித்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் வெட்டுவது வீண் பாடு. சின்ன முற்றத்துக்கு ஒயர் மிஷின் விலை குறைவு, ஓய்வும் கேட்காது. ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் தொங்கவிட்டால் என்றாவது ஒருநாள் கத்தி அதையும் நறுக்கும். வீட்டில் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

மற்ற எல்லாருக்கும் பேட்டரி மிஷினையே சொல்வேன். பெட்டியில் ஒன்றில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருந்தால் இரண்டாவதற்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டிலும் உள்ளே இருப்பது 3.6 வோல்ட் செல் ஐந்துதான். முழுச் சார்ஜில் காட்டுகிற கணக்கை ஒருவர் அட்டையில் அச்சடிக்கிறார், அவ்வளவே. பார்க்கவேண்டியது ஆம்பியர் ஹவர். நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. சித்திரை மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் போடாமல், ஆறவிட்டு, இரவில் வீட்டுக்குள் போடவேண்டும்.

இரண்டு கையும் பிடித்தால்தான் ஓடுகிற மிஷினாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கை விட்டதும் கத்தி நிற்கவேண்டும். வேலியில் திருகுகள்ளி இருந்தால் அந்தப் பக்கம் மிஷினையே கொண்டுபோகாதீர்கள். அரிவாள் வெட்டில் வடிகிற பால், ஓடுகிற பற்களில் பட்டால் சிதறித் தெறிக்கும். கண்ணில் விழுந்தால் பார்வையே தற்காலிகமாகப் போகலாம். டுராண்டாவுக்குள் சில்லைக் குருவியோ தையல்சிட்டோ கூடு கட்டியிருக்கிறதா என்று கிளையை விலக்கி ஒருமுறை பாருங்கள். அரிவாள்காரர் கொப்பை ஒவ்வொன்றாக ஒதுக்குவதால் கூடு தானாகவே கண்ணில் படும், மிஷின் பிடிப்பவருக்குப் படாது.

வெட்டியதும் பற்களில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் விடுவது போதும். மழுங்கினால் சாணைச் சக்கரத்தில் வைப்பது சரிப்படாது, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டவேண்டும். மிஷினை மட்டும் விலை விசாரிக்காமல், மாற்றுக் கத்தியும் தனி பேட்டரியும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டு வாங்குங்கள். முதலில் தேய்வது கத்தி, முதலில் சாவது பேட்டரி. பில்லில் கடைக்காரர் இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரட்டும்.